கணபதியில் ஓடும் லேத்தும் பக்கத்து வீட்டுத் தூக்கமும்

கோயம்புத்தூரில் ஒரு கிணற்று மோட்டார் முழுக்க முழுக்க ஒரே கூரைக்குக் கீழே உருவாவது அபூர்வம். பெரிய கம்பெனிகளைத் தள்ளிவைத்துவிட்டுப் பாருங்கள். வார்ப்பு ஒரு ஃபவுண்டரியிலிருந்து வரும். அதைக் கடைந்து கொடுப்பது வேறொரு தெருவில் இருக்கும் லேத்துப் பட்டறை. ஷாஃப்டைக் கிரைண்டிங் பிடிப்பவர் இன்னொருவர். ஸ்டாம்பிங் தகடு அடிப்பது பிரஸ் பட்டறை. காயில் சுற்றுவது பெரும்பாலும் பெண்கள். வீட்டு முன்னறையிலேயே சுற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. இத்தனை இடங்களுக்கும் நடுவே சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது சாக்குப்பை கட்டிய ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். கணபதியிலிருந்து ஆவாரம்பாளையம், அங்கிருந்து பீளமேடு, மறுபடியும் கணபதி. காலையில் அளவு தப்பிய ஷாஃப்ட் மத்தியானத்துக்குள் சரியாகித் திரும்பி வந்துவிடும். அளவு தப்பினால் நேரில் போய்க் காட்டிப் பேசி முடித்துவிடலாம். போனில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இந்தத் தொழிலின் உயிர் அந்தப் பக்கத்துத் தெரு நெருக்கத்தில்தான் இருக்கிறது. எந்த இடத்தில் என்ன தொழில் நடக்கலாம் என்று விதி எழுதுகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் வேலை கட்டடங்களுக்கு பிளான் போட்டு, திட்ட அனுமதி வாங்கிக் கொடுப்பது. வீடுகள்தான் அதிகம். ஆனால் சின்னப் பட்டறைக்காரர்களும் வருவார்கள், அநேகமாகக் கையில் ஒரு நோட்டீஸோடு. பக்கத்து வீட்டார் புகார் கொடுத்திருப்பார்கள். ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார். அவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி சர்வே நம்பர். இரண்டாவது, மாஸ்டர் பிளானில் அது என்ன மண்டலம் என்பது. முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவதற்கு வராது. முப்பது வருஷமாகப் பட்டறை நடத்துகிறவருக்குக்கூடத் தன் இடத்துக்கு வரைபடத்தில் ஒரு நிறம் உண்டு என்பது தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் அடிப்படை 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்படி ஊருக்கு ஒரு முழுமைத் திட்டம் (அதுதான் மாஸ்டர் பிளான்) போட்டு, நிலத்தை உபயோக மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். குடியிருப்பு மஞ்சள், தொழில் ஊதா, விவசாயம் பச்சை. கோயம்புத்தூருக்கு முதல் முழுமைத் திட்டம் 1994-ல் வந்தது. அந்தப் பழைய மண்டல விதிகளில் தொழிலுக்கு மட்டும் மூன்று படி உண்டு: கட்டுப்பாட்டுத் தொழில் மண்டலம், பொதுத் தொழில் மண்டலம், சிறப்பு மற்றும் அபாயகரத் தொழில் மண்டலம். இலகு ரகத் தொழில் என்று உலகம் சொல்வது இந்த முதல் படிக்குள் வரும். அதற்கு வைத்த எல்லை 130 குதிரைத்திறன், அந்தக் காலத்தில் தாழ்வழுத்த மின்சார இணைப்பில் கிடைத்த உச்ச அளவு. நாற்றம், கழிவுநீர், தூசி, புகை, அதிர்வு ஆகியவற்றால் தொல்லை தரும் தொழில் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. வீட்டுப் பகுதிகளில் மிகச் சிறிய மோட்டார் வைத்த குடிசைத் தொழில்களுக்கு மட்டும் இடம் உண்டு. 2019-ல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்து மாநிலம் முழுவதற்கும் ஒரே புத்தகம் ஆயிற்று. எந்தத் தொழிலை எங்கே வைப்பது என்பதைக் குதிரைத்திறனாலும் பட்டியலாலும் முடிவு செய்யும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

எனக்கு இதில் இருக்கும் முதல் சண்டை அந்தக் குதிரைத்திறனோடுதான்.

பட்டறைக்குள் போய் நின்று பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இருபது டன் பவர் பிரஸ் ஒன்றுக்கு இரண்டு குதிரைத்திறன் மோட்டார் போதும். மோட்டார் சின்னதுதான், ஆனால் அது சுற்றிவிடும் கனமான ஃபிளைவீல் சக்தியைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே அடியாகத் தகட்டின் மேல் இறக்குகிறது. அந்த அடி தரை வழியாகப் போய்ப் பக்கத்து வீட்டு அலமாரியிலிருக்கும் டம்ளரை ஆட்டும். இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. லேத்து. அதன் மோட்டார் பத்து, பதினைந்து குதிரைத்திறன் இருக்கும். மூடிய கதவுக்குள்ளே கூலண்ட் பீய்ச்சிக்கொண்டு அது பாட்டுக்கு ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது ஓடுவதே தெரியாது. விதியைக் கேட்டால் பிரஸ் சாது, சி.என்.சி. முரடு. உலக்கையைத் தூக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அளந்துவிட்டு, இடி எத்தனை வீட்டுக்குக் கேட்கும் என்பதைப் பார்க்காமல் விட்ட கதை இது.

குதிரைத்திறனை அளவுகோலாக வைத்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மின் இணைப்புக் கார்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கருவி வேண்டாம், நிபுணர் வேண்டாம். ஒரு காலத்தில் பெரிய மோட்டார் என்றால் பெரிய சத்தம் என்பது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. ஒரே மோட்டாரிலிருந்து பெல்ட் போட்டு எல்லா மெஷினையும் ஓட்டும் லைன் ஷாஃப்டில் பட்டறை ஓடிய நாள்களில் வேண்டுமானால் அது பொருந்தியிருக்கும்.

சரி, சத்தத்தையே அளந்துவிடலாம் என்றால் அதற்கும் விதி இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நாட்டை நான்கு வகைப் பகுதிகளாகப் பிரிக்கின்றன. தொழில் பகுதியில் பகலில் 75 டெசிபல், இரவில் 70. வணிகப் பகுதியில் 65, 55. குடியிருப்பில் 55, 45. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட்டு சுற்றிய அமைதிப் பகுதியில் 50, 40. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. கீழே வீடும் மேலே காயில் சுற்றும் அறையும் பக்கத்தில் லேத்தும் இருக்கும் ஆவாரம்பாளையத்துச் சந்து இந்த நான்கில் எது? கலந்து கிடக்கும் பகுதிகளை நான்கில் ஏதாவது ஒன்றாக அதிகாரிகள் அறிவிக்கலாம் என்கிறது விதி. கலப்புக்கென்று தனி அளவு கிடையாது. குடியிருப்பு என்று அறிவித்தால் பட்டறை மூட வேண்டும். தொழில் என்று அறிவித்தால் அங்கே குடியிருப்பவர் இரவு முழுக்க 70 டெசிபலைத் தாங்க வேண்டும். கொங்கு நாட்டுத் தொழில் ஊர்களில் பாதித் தெரு இந்தக் கலப்புதான். அதற்கு விதியில் ஒரு கட்டம் இல்லை என்பது சின்ன விஷயமே அல்ல.

இந்தக் கலப்பு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளுக்கு ஸ்பேர் வேண்டியிருந்தது, விவசாயிக்குக் கிணற்று மோட்டார் வேண்டியிருந்தது. ஆலையில் ஃபிட்டராக இருந்தவர் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு ஒரு லேத்தை இறக்கினார். அவரிடம் கற்ற பையன் இரண்டு வீதி தள்ளி இன்னொன்று. யாரும் மண்டலம் பார்த்துப் பட்டறை போடவில்லை. மண்டலம் என்று ஒன்று வருவதற்கு முன்பே பட்டறை வந்துவிட்டது. 1994-ல் வரைபடம் வரைந்தபோது பட்டறையும் வீடும் கலந்து கிடந்த தெருக்கள் பலவற்றுக்கு மஞ்சள் அடித்துவிட்டார்கள். அன்றைக்கு அது யாருக்கும் உறைக்கவில்லை, ஏனென்றால் புகார் சொல்ல ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் ஏதோ ஒரு வகையில் அந்தத் தொழிலிலேயே இருந்தார்.

இப்போது அப்படியில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையைச் சொல்கிறேன். ஆளின் பெயரும் தெருவின் பெயரும் வேண்டாம். நான்கு லேத்து, இரண்டு பிரஸ், ஒரு டிரில்லிங் மெஷின். பக்கத்துக் காலி இடம் கைமாறி, அங்கே நான்கு மாடிக் குடியிருப்பு வந்தது. குடிவந்தவர்களில் பாதிப் பேர் ஐ.டி. வேலைக்காரர்கள், மீதி ஓய்வு பெற்றவர்கள். குடிவந்த கொஞ்ச நாளிலேயே புகார் போயிற்று, நோட்டீஸ் வந்தது. பட்டறைக்காரர் என்னிடம் வந்து உட்கார்ந்தவுடன் சொன்னது இது: “நான் இங்க செட்டு போட்டப்ப சுத்தியும் சோளக்காடுங்க. காட்டுக்குள்ள ஒத்தையா நின்னுட்டிருந்தனுங்க. நேத்து வந்தவீங்க என்னையப் போகச் சொல்றாங்க.”

நான் புகார் கொடுத்தவர் வீட்டுக்கும் போனேன். இரண்டாவது மாடி, பெரியவர், இதய ஆபரேஷன் ஆனவர். கோபக்காரராக இருப்பார் என்று நினைத்துப் போன எனக்குக் காபி கொடுத்தார்கள். “பட்டறைய மூடச் சொல்லலீங்க தம்பி. நானும் மில்லுல இருந்தவன்தான். அந்த டம்மு டம்முன்னு நெஞ்சுக்குள்ள இடிக்கற மாதிரி வருது பாருங்க, அது மட்டும் ராத்திரி நின்னாப் போதுமுங்க” என்றார். அவர் சொன்னதும் முழுக்க நியாயம். லேத்துச் சத்தம் அவருக்குப் பிரச்சினையே இல்லை. பிரஸ் மட்டும்தான்.

அந்த பிரஸ் இரண்டும் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித் தரையிலேயே போல்ட் போட்டு நின்றன. பட்டறைத் தரையும் சுவரும் ஒரே கான்கிரீட்டில் பிணைந்திருந்தன. அடி நேராகப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனது. பிரஸ்ஸை எதிர் மூலைக்கு மாற்றினோம். தரையை அறுத்துத் தனிக் குழி எடுத்து, மற்றத் தரையோடு ஒட்டாதபடி அஸ்திவாரம் போட்டு, அடியில் ரப்பர் பேடு வைத்தோம். தகடு அடிக்கும் வேலையைச் சாயங்காலம் ஆறு மணியோடு நிறுத்திக்கொள்வது, ராத்திரி அவசர வேலை வந்தால் லேத்து மட்டும் ஓட்டுவது என்று பட்டறைக்காரரும் பெரியவரும் பேசி முடித்தார்கள். புகார் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் கோப்பு மூடவில்லை. ஆபீஸைப் பொறுத்தவரை தொல்லை இருக்கிறதா என்பதல்ல கேள்வி. அந்த சர்வே நம்பர் மஞ்சளில் இருக்கிறது. அங்கே பிரஸ் இருக்கக் கூடாது.

மண்டலத்தை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. நில உபயோக மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். உள்ளூர்த் திட்டக் குழுமம், பிறகு நகர் ஊரமைப்பு இயக்குநரகம், பிறகு அரசு என்று கோப்பு போகும். பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். கட்டணம் கட்ட வேண்டும். பத்து ஏக்கரில் ஃபேக்டரி கட்டுகிறவருக்கு அது செலவோடு செலவு. மூன்று சென்ட் ஷெட்டில் நான்கு ஆளை வைத்துப் பிழைக்கிறவருக்கு அது மலை. அதிலும் தெரு முழுக்கப் பட்டறையாக இருக்கும்போது ஒவ்வொருவரும் தன் சர்வே நம்பருக்குத் தனித்தனியாக மனுப் போடுவது என்ன ஏற்பாடு என்று எனக்குப் புரிவதே இல்லை.

“வெளியே எஸ்டேட் இருக்கிறதே, அங்கே போகலாமே” என்பார்கள். போனவர்கள் உண்டு, நன்றாக இருப்பவர்களும் உண்டு. மாநில அரசின் சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோவின் குறிச்சித் தொழிற்பேட்டை எத்தனையோ பேரை வளர்த்துவிட்டது. கள்ளப்பாளையம், மோப்பிரிபாளையம் பக்கம் தொழில் அமைப்பே நிலம் வாங்கித் தொழிற்பூங்கா அமைத்திருக்கிறது. சொந்தப் பொருள் தயாரிக்கிறவருக்கு அது சரியான இடம்: அகலமான ரோடு, லாரி திரும்ப வசதி, புகார் சொல்லப் பக்கத்து வீடு இல்லை. ஆனால் ஜாப் ஒர்க், அதாவது அடுத்தவர் பொருளுக்குக் கூலிக்கு வேலை, செய்கிறவருக்குப் பொருள் என்று எதுவும் சொந்தமில்லை. அவருக்கு இருப்பது பக்கத்துத் தெருக்காரரின் ஆர்டர். அவரை மட்டும் பிடுங்கி இருபது கிலோமீட்டர் தள்ளி நட்டால் ஆர்டர் அவர் பின்னாலேயே வராது. காயில் சுற்றும் அம்மிணி மத்தியானம் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டு வர முடியாது. எஸ்டேட்டுக்கு அவர் போகவே மாட்டார், வேலையை விட்டுவிடுவார்.

எல்லாத் தொழிலையும் வீட்டுக்குப் பக்கத்தில் விடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நொய்யல் ஆற்றைப் பார்த்தவன் யாரும் அப்படிச் சொல்ல மாட்டான். திருப்பூரில் தையல் பெருகியபோது கூடவே சாயப்பட்டறையும் சலவைப் பட்டறையும் பெருகின. உப்பும் சாயமும் கலந்த தண்ணீர் ஆற்றில் இறங்கி, 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டினார்களோ அவர்களே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. கிணறுகள் உப்பாயின. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ல் உத்தரவிட்டு, எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடியது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றிய பிறகுதான் திறக்க முடிந்தது. இத்தனைக்கும் காகிதத்தில் விதி எப்போதோ இருந்தது. ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் தொழில் கூடாது என்று 1989-லேயே அரசாணை வந்தது. முக்கிய ஆறுகளுக்கு அதை ஐந்து கிலோமீட்டராக்கியது 1998-ன் அரசாணை.

திருப்பூரில் எனக்குக் கிடைக்கும் பாடம் வேறு. பனியன் கம்பெனியும் சாயப்பட்டறையும் ஒரே தொழிலின் இரண்டு பக்கம். ஓவர்லாக் மெஷின் ஐம்பது ஓடும் தையல் ஹாலில் மின்சாரம் நிறையச் செலவாகும், வெளியே வருவது துணித் துண்டும் வண்டிச் சத்தமும்தான். சின்னத் தொட்டி வைத்துச் சலவை செய்த பட்டறையில் மோட்டார் சின்னது. அங்கிருந்து வெளியே வந்தது ஆற்றைக் கொன்றது. இங்கேயும் குதிரைத்திறன் எதையும் சொல்லவில்லை. வேலியைத் தாண்டி என்ன போகிறது என்பது ஒன்றுதான் பார்க்க வேண்டிய விஷயம்: தண்ணீரா, புகையா, அதிர்வா, சத்தமா, லாரியா. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-ல் தொழில்களுக்கு மாசுக் குறியீடு போட்டு, 60-ம் அதற்கு மேலும் சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, 20 வரை வெள்ளை என்று பிரித்ததில் இந்த எண்ணம் கொஞ்சம் இருக்கிறது. தண்ணீருக்கும் புகைக்கும் அது உதவும். ஆனால் அதுவும் தொழிலின் பெயரைப் பார்த்து நிறம் கொடுக்கிறது. பிரஸ் எந்த மூலையில் நிற்கிறது, எத்தனை மணி வரை ஓடுகிறது என்று பார்ப்பதில்லை.

சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறி ஊர்களிலும் இதே சண்டை ஆரம்பித்துவிட்டது. தறிச் சத்தத்திலேயே தொட்டில் கட்டிப் பிள்ளை வளர்த்த ஊர்கள் அவை. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் குழந்தை விழித்து அழும் என்பார்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு ஆயிரம் யூனிட் இலவசம் என்று அரசு 2023-ல் உயர்த்தியது, அந்தத் தொழில் பிழைக்க வேண்டும் என்றுதான். அதே ஊரில் தறிக்குடோன்களைச் சுற்றி சைட்டு பிரித்து விற்க அனுமதியும் அரசுதான் தருகிறது. வாங்குகிறவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறார். அன்றைக்குத் தறி ஓடாது.

தொழிலையும் வீட்டையும் பிரித்தே வைக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு நூறு வயதாகிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து யூக்ளிட் என்ற சிற்றூர் போட்ட மண்டல விதி செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926-ல் தீர்ப்புச் சொன்ன பிறகு அது உலகமெங்கும் பரவியது. நம் பக்கம் 1920-லேயே சென்னை நகரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1915 வாக்கில், ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடஸ் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். கோயம்புத்தூரும் அதில் உண்டு. இருக்கும் ஊரை இடித்துப் புதிதாகப் போடாமல், எங்கே அடைப்போ அங்கே மட்டும் கத்தி வைக்க வேண்டும் என்று ஓயாமல் சொன்னவர் அவர். நாம் அவரை விட்டுவிட்டு யூக்ளிட்டை எடுத்துக்கொண்டோம்.

ஜப்பான் வேறு வழியில் போனது. அங்கே இலகு தொழிலும் வீடும் சேர்ந்தே இருக்கலாம் என்று ஒரு மண்டலமே உண்டு. தோக்கியோவின் ஓத்தா வட்டாரமும் ஒசாக்காவை ஒட்டிய ஹிகாஷி ஒசாக்காவும் நம் கணபதி மாதிரி சின்னச் சின்ன இயந்திரப் பட்டறைகளால் ஆனவை. அங்கேயும் பட்டறை மூடிய இடத்தில் அபார்ட்மெண்ட் வந்து, குடிவந்தவர்கள் பக்கத்துப் பட்டறை மீது புகார் சொன்னார்கள். அதற்காக ஹிகாஷி ஒசாக்கா நகராட்சி 2013-ல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பட்டறைகள் நிறைந்த பகுதியில் வீடு கட்ட வருகிறவர், சுற்றியுள்ள பட்டறைகளோடு முன்கூட்டியே பேச வேண்டும். சத்தத்தைத் தாங்கும் ஏற்பாட்டைக் கட்டடத்திலேயே யோசிக்க வேண்டும். வாங்குகிறவரிடம் பக்கத்தில் பட்டறை இருப்பதைச் சொல்ல வேண்டும். பின்னால் வந்தவருக்கும் பொறுப்பு உண்டு என்பதை விதியாகவே எழுதிவிட்டார்கள். என் கண்ணுக்கு, நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று தென்படவில்லை. மேலே சொன்ன நான்கு மாடிக் கட்டடத்தின் பட்டறைப் பக்கச் சுவரில் படுக்கையறை வைக்காமல் படிக்கட்டையும் லிஃப்டையும் வைத்திருந்தால் பாதிச் சண்டை வந்தே இருக்காது. பிளான் போட்டவருக்கு அது ஒரு மணி நேர வேலை.

2041-ஐக் குறிவைத்த கோயம்புத்தூர் முழுமைத் திட்டத்தின் வரைவு 2024-ல் வெளியானபோது, நானும் சில பட்டறைக்காரர்களும் சேர்ந்து எழுதிக் கொடுத்தது இதைத்தான். ஏற்கெனவே பட்டறை நிறைந்த தெருக்களை, ஆள் ஆளாக மனுப் போட வைக்காமல், தெருவாகவே இலகு தொழிலும் வீடும் கலந்த மண்டலம் என்று அறிவியுங்கள். அங்கே மோட்டாரை எண்ணாதீர்கள். எல்லைச் சுவரில் டெசிபலையும் அதிர்வையும் அளந்து, இரவுக்குத் தனி அளவு வையுங்கள். தண்ணீரில் சாயமோ அமிலமோ கலக்கிற எதையும் அந்தத் தெருக்களுக்குள் விடாதீர்கள். எலக்ட்ரோபிளேட்டிங், அதாவது உலோக முலாம் பூசும் வேலை, செய்கிற நண்பர்களுக்கு இந்தக் கடைசி வரி பிடிக்காது என்று தெரியும். அவர்களுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு தனி இடம் வேண்டும் என்பதையும் அதே மனுவில் எழுதியிருக்கிறோம். புதிய அடுக்குமாடிக்கு அனுமதி கொடுக்கும்போது பக்கத்துப் பட்டறையை வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் சர்வே நம்பர் என்ன மண்டலம் என்று திட்டக் குழும ஆபீஸில் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். முதல் மின் இணைப்புக் கார்டு, பழைய சொத்து வரி ரசீது, வருஷா வருஷம் புதுப்பித்த தொழில் உரிமம், முதல் லேத்து வாங்கிய பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் எப்போதிருந்து அங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு ஆபீஸில் செல்லும் சாட்சி அவை மட்டும்தான். பக்கத்தில் காலி இடம் கைமாறுகிறது என்று தெரிந்தால் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே போய்க் கட்டுகிறவரைப் பாருங்கள். வீடு வாங்கப் போகிறவர்கள் ஒரு செவ்வாயோ புதனோ, ராத்திரி எட்டு மணிக்கு அந்தத் தெருவில் போய் நின்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.